டீசல் இன்ஜின் வேலை: போல்ட்டை ‘கை கணக்கில்’ டைட் வைத்தால் என்ன ஆகும்? டார்க் ரென்ச் ஏன் அவசியம்?

லாரியோ, டிராக்டரோ, ஃபுல் இன்ஜின் வேலை என்றாலே உரிமையாளருக்குப் பெரிய செலவு. புது பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாம் போட்டும் சில வண்டிகள் கொஞ்ச நாளிலேயே மறுபடியும் ஒர்க்‌ஷாப்பில் வந்து நிற்கும். இதற்கான காரணங்களில் ஒன்று, முக்கியமான போல்ட்டுகளை டைட் வைத்த விதம்.

எந்த போல்ட்டுகள் முக்கியம்?

சிலிண்டர் ஹெட், மெயின் பேரிங் கேப், கனெக்டிங் ராட், ஃப்ளைவீல் ஆகிய நான்கு இடத்து போல்ட்டுகளிலும் கை கணக்கு உதவாது. உதாரணமாக, 100 மில்லி மீட்டர் போர் உள்ள சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம் 150 பார் வரை போனால், ஹெட்டை மேலே தள்ளும் விசை கிட்டத்தட்ட 12 டன்! இன்ஜின் 2,000 ஆர்பிஎம்-ல் ஓடினால், ஒரு சிலிண்டரில் மட்டும் நிமிடத்துக்கு 1,000 முறை இப்படி நடக்கும்.

போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான்

டைட் வைக்கும்போது போல்ட் மிக லேசாக நீளும். பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கும் இழுவைதான் ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. டைட் குறைந்தால் கேஸ்கெட் போகும், ஆயிலில் தண்ணி கலக்கும். அதிகமானால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும், இல்லையென்றால் மரை போய்விடும்.

ஆயில் போட்டால் கணக்கு மாறுமா?

கண்டிப்பாக மாறும். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் சுமார் 90 சதவீதம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் ஏற்படும் உராய்வுக்கே போய்விடும். மீதிதான் போல்ட்டை இழுக்கிறது. ஆயில் போட்டால் உராய்வு குறையும். அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். துரு, அழுக்கு இருந்தால் நேர் எதிர்: ரென்ச் ‘க்ளிக்’ என்று சொல்லும், ஆனால் போல்ட் சரியாகப் பிடித்திருக்காது. எனவே ஆயில் போடணுமா, வேண்டாமா என்பதை அந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பிளாக்கில் உள்ள போல்ட் ஓட்டைக்குள் ஆயிலோ தண்ணியோ தேங்கி நிற்கக் கூடாது. வெளியேற வழி இல்லாமல் அழுத்தம் ஏறி, பிளாக்கே வெடிப்பு விடலாம்.

வரிசை முக்கியமா?

ஹெட் போல்ட்டுகளை பொதுவாக நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கி, இரண்டு மூன்று கட்டமாக டைட் வைப்பார்கள். ஒரே மூச்சில், ஒரு ஓரத்திலிருந்து வைத்தால் கேஸ்கெட் சமமாக அமுங்காது. கழற்றும்போது வரிசை தலைகீழ்: வெளியிலிருந்து நடுவுக்கு.

‘90 டிகிரி’ என்றால் என்ன?

இன்றைய பல இன்ஜின்களில் முதலில் குறிப்பிட்ட நியூட்டன் மீட்டருக்கு டைட் வைத்து, பிறகு 90 டிகிரி போல ஒரு கோண அளவுக்குத் திருப்பச் சொல்வார்கள். கோணத்தை வைத்துத் திருப்பும்போது உராய்வால் வரும் ஏமாற்றம் குறைகிறது. இந்த முறையில் சில போல்ட்டுகள் நிரந்தரமாகவே நீளும். அவற்றை ஒருமுறை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். வேறு சில மாடல்களில் நீளத்தை அளந்து, அளவுக்குள் இருந்தால் மட்டும் திரும்பப் பயன்படுத்தலாம்.

டார்க் ரென்ச் பயன்படுத்தும்போது...

* ‘க்ளிக்’ சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இன்னொரு இழுப்பு வேண்டாம்.
* போல்ட்டைக் கழற்ற டார்க் ரென்ச்சைப் பயன்படுத்தக் கூடாது.
* வேலை முடிந்ததும் க்ளிக் வகை ரென்ச்சை ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும்.
* அளவு சரியாகக் காட்டுகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும்.

உரிமையாளர் என்ன கேட்கலாம்?

வண்டியை விடும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாடலுக்கான டார்க் அளவு கையில் இருக்கா? ஹெட் போல்ட், ராட் போல்ட் புதுசு போடணுமா? டைட் வைத்த பிறகு ஒவ்வொரு போல்ட்டிலும் பெயிண்ட் மார்க் போடுவீங்களா?

பழைய போல்ட்டையே போட்டு மிச்சம் பிடிக்கும் காசு சின்னது. ஓட்டத்தில் ஒரு கனெக்டிங் ராட் போல்ட் அறுந்தால், ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதன்பிறகு ரிப்பேர் இல்லை, வேறு இன்ஜின்தான் தேட வேண்டியிருக்கும்.