முகநூல் விளம்பரமும் எமது வரவு செலவும்



1991இல் கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனம் உருவான காலத்தில், ரொறன்ரோவில் எம்மவரின் சிறு வியாபாரங்களைத் தெரியப்படுத்தியது பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான். "அந்தக் கடைக்குப் போங்கோ, நல்ல சாமான்" என்று ஒருவர் சொன்னால் பத்துப் பேர் போவார்கள். இன்று அந்த வாய்ப்பேச்சு முகநூலுக்கும் இன்ஸ்ரகிராமுக்கும் வட்ஸ்அப்புக்கும் இடம்மாறியிருக்கிறது. ஸ்காபரோவில் வீட்டில் பலகாரம் செய்து விற்கும் சகோதரி ஒருவர்கூட ஐந்து நிமிடத்தில் விளம்பரம் போட்டுவிடலாம். இது நல்ல விடயம்தான். ஆனால் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். முகநூலில் போட்டது எழுத்தாக நிற்கும். அதற்குக் கணக்கும் உண்டு, சட்டமும் உண்டு. ஒரு கணக்காளன் என்ற முறையில் நான்கு விடயங்களை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, விருப்பக்குறி வருமானம் அல்ல. அந்தச் சகோதரி ஒரு மாதம் 200 டொலர் கொடுத்து முகநூலில் விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 ஓடர்கள் வருகின்றன. ஓடர் ஒன்று 40 டொலர். மா, எண்ணெய், பெட்டி, பெற்றோல் எல்லாம் போக ஒன்றில் மிஞ்சுவது 12 டொலர். ஆக 240 டொலர் மிச்சம். விளம்பரக் காசைக் கழித்தால் 40 டொலர் இலாபம். சரி என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 20 பேரில் 10 பேர் விளம்பரம் இல்லாமலே வழமையாக வாங்குபவர்கள் என்றால்? விளம்பரம் கொண்டுவந்தது 10 ஓடர், 120 டொலர் மட்டுமே. உண்மையில் 80 டொலர் நட்டம். ஆகவே ஓடர் எடுக்கும்போதே "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். விளம்பரம் போடும்போதும், நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி அமையுங்கள். மிசிசாகாவில் இருப்பவர் விருப்பக்குறி போடுவதால் ஸ்காபரோவில் முறுக்கு விற்காது.

இரண்டாவது, அனுமதி. 2014 ஜூலை 1 முதல் கனடாவில் வேண்டாத மின்செய்திகளுக்கு எதிரான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மின்னஞ்சல், குறுஞ்செய்தி மட்டுமல்ல, ஒருவரின் கணக்குக்கு நேரடியாக அனுப்பும் வியாபாரச் செய்திகளும் இதற்குள் அடங்கும். கோயில் நிர்வாகத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ கொடுத்த தொலைபேசி இலக்கங்களை எடுத்து எல்லோருக்கும் விளம்பரம் அனுப்புவது எம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. அவர்கள் அந்த இலக்கத்தை உங்கள் வியாபாரத்துக்குத் தரவில்லை. கடந்த இரண்டு வருடத்துக்குள் உங்களிடம் வாங்கியவருக்கு அனுப்பலாம். விசாரித்தவருக்கு ஆறு மாதம் வரை அனுப்பலாம். மற்றவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் பெறவேண்டும். செய்தியில் நீங்கள் யார் என்பதும், வேண்டாம் என்றால் நிறுத்தும் வழியும் இருக்கவேண்டும். நிறுத்தச் சொன்னால் பத்து வேலைநாட்களுக்குள் நிறுத்தவேண்டும். தண்டம் தனிநபருக்கு 10 இலட்சம் டொலர் வரை, நிறுவனத்துக்கு ஒரு கோடி டொலர் வரை போகலாம். உங்கள் சொந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கப் போடும் பதிவுக்கு இந்தச் சம்மதம் தேவையில்லை.

மூன்றாவது, உண்மை. மைத்துனரையும் மருமகளையும் கொண்டு கூகிளில் ஐந்து நட்சத்திரம் போடுவிப்பதை உதவி என்று சிலர் நினைக்கிறார்கள். பெல் கனடா நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர், தாம் ஊழியர்கள் என்று சொல்லாமல், நிறுவனத்தின் கைத்தொலைபேசிச் செயலிகளைப் புகழ்ந்து எழுதினார்கள். கனடியப் போட்டிப் பணியகம் அதை விசாரித்தது. 2015இல் பெல் 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. சட்டம் பெரியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. காசோ இலவச உணவோ கொடுத்து ஒருவரைப் புகழ்ந்து பேசவைத்தால், அதை அவர் பார்ப்பவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும். உண்மையான வாடிக்கையாளர் இரண்டு வரி எழுதினாலே போதும். குறை சொன்னாலும் அழிக்காமல் பண்பாகப் பதில் எழுதுங்கள். மற்றவர்கள் அந்தப் பதிலைத்தான் வாசிப்பார்கள்.

நான்காவது, வரி. "ஓடர்கள் குவிகின்றன, நன்றி" என்று நீங்கள் போடும் படத்தை வருமான வரிப் பகுதியினரும் பார்க்கலாம். எல்லோருக்கும் திறந்திருக்கும் பதிவுகளைப் பார்க்க அவர்களுக்குத் தடையில்லை. தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வரிக்குட்பட்ட விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி.க்குப் பதிவு செய்யவேண்டும். இது மொத்த விற்பனை, இலாபம் அல்ல. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பதிவு செய்யவேண்டிய நாள் கடந்தபின், வாடிக்கையாளரிடம் அறவிடாத வரியையும் நீங்களே கட்டவேண்டி வரும். ஒன்ராறியோவில் அது நூற்றுக்கு 13. மறுபக்கம், விளம்பரத்துக்குக் கட்டிய காசு வியாபாரச் செலவு. பற்றுச்சீட்டுகளை ஆறு வருடம் வைத்திருங்கள். வீட்டில் சமைத்து விற்பவர்கள் பொதுச் சுகாதாரப் பகுதிக்கு முதலில் அறிவித்துவிட்டுப் படம் போடுங்கள்.

இறுதியாக ஒன்று. முகநூல் பக்கம் எமக்கு வாடகை வீடு மாதிரி. 2023 ஆகஸ்டில் மெற்றா நிறுவனம் கனடாவில் முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் செய்தி இணைப்புகளைத் தடுத்தது. அதுவரை தம் பக்கங்களுக்காக உழைத்த எத்தனையோ சிறு பத்திரிகைகளின் வாசல் அன்றே அடைபட்டது. நாடு விட்டு வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் தொடங்கிய வியாபாரத்தை இன்னொருவர் கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது. சம்மதம் தந்த வாடிக்கையாளர்களின் பெயர், இலக்கம், சம்மதம் தந்த திகதி மூன்றையும் உங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள். முகநூல் நாளைக்கு மாறினாலும் அந்தக் கொப்பி உங்களிடம் இருக்கும்.