கிலோ என்ன விலை? எக்ஸெல் சொல்லும்

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். சலவைத்தூள் 500 கிராம் 68 ரூபாய், 2 கிலோ 290 ரூபாய் என வைத்துக் கொள்வோம். எக்ஸெல்லில் பொருள், கிராம், விலை என மூன்று நெடுவரிசைகளில் இவற்றை டைப் செய்திடவும். 2 கிலோவை 2000 என்றே தர வேண்டும். நான்காவது செல்லில் = அடித்து, விலை செல்லைக் கிளிக் செய்து, / அடித்து, கிராம் செல்லைக் கிளிக் செய்து, *1000 சேர்த்து என்டர் தட்டவும். கிலோ விலை 136 என வரும். அந்த செல்லின் வலது கீழ் மூலைச் சதுரத்தைக் கீழே இழுத்தால் அடுத்தது 145. சின்ன பாக்கெட்தான் லாபம்!

பாக்கெட்டிலேயே அலகு விலை அச்சிட வேண்டும் என 2021ல் விதி திருத்தப்பட்டது. ஆனால் கிலோவுக்குக் குறைந்தால் கிராமுக்கும், கூடினால் கிலோவுக்கும் போடுவார்கள். அதுவும் எம்.ஆர்.பி. கணக்கு, கடைக்காரர் தரும் தள்ளுபடி அதில் வராது. எனவே விலை செல்லில் பில் தொகையையே தாருங்கள்.