அம்மம்மாவுக்குத் தனித்தட்டு வேண்டாம்

போன வருட நத்தார் இரவு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பி, சோறும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டு, கடைசியாக பூஷ் வெட்டினோம். கடையில் வாங்கிய பெரிய பூஷ். மேலே சீனியில் செய்த காளான்கள், பச்சை இலைகள். எல்லோருக்கும் இரண்டு விரல் தடிப்பில் ஒவ்வொரு துண்டு. அம்மம்மாவுக்கு மட்டும் ஓர் அப்பிளை நாலாக வெட்டி, சின்னத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

“ஏன் பிள்ளை, எனக்கு மட்டும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அப்பிளைத் தொடவில்லை. எல்லோரும் படுத்த பிறகு குசினிக்குள் நின்றபடியே மிச்ச பூஷில் இரண்டு துண்டு சாப்பிட்டிருக்கிறார். காலையில் விரலில் குத்திப் பார்த்தபோது மெஷின் 310 காட்டியது. அம்மா அவரை ஏசினா. அம்மம்மா ஒன்றும் பேசாமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த 310ஐ விட, அவர் இருட்டுக்குள் நின்று சாப்பிட்டதுதான் மனதில் நின்றது.

எங்கள் சபையில் இப்படி ஒருவராவது இல்லாத வீடு குறைவு என்றே நினைக்கிறேன். எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைவிட இளவயதிலும், பெரிதாக உடல் பருக்காமலும் வருகிறது. இது வயதானவர்களின் கதை மட்டும் இல்லை. 25, 30 வயதில் இருப்பவர்களும் ஒரு தடவை இரத்தம் சோதித்துப் பாருங்கள். இங்கத்தைய ஆய்வுகூடத் தாளில் வெறும் வயிற்றுச் சீனி லீற்றருக்கு 1.10 கிராமுக்குள் இருந்தால் நல்லது. இரண்டு தடவை 1.26 அல்லது அதற்கு மேல் வந்தால் அது நீரிழிவு.

இந்த வருடம் ஒரு முடிவு எடுத்தேன். அம்மம்மாவுக்கென்று வேறு பலகாரம் செய்வதில்லை. மேசையில் வைப்பது எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும், அதை அவரும் பயமில்லாமல் சாப்பிட வேண்டும். அதேநேரம் அது நத்தார் மாதிரியும் இருக்க வேண்டும். தம்பி, “அப்ப இந்த முறை எல்லாருக்கும் ஆஸ்பத்திரிச் சாப்பாடோ?” என்றான்.

வழி காட்டியது இந்த நாட்டின் தெற்குப் பக்கம்தான். புரோவான்ஸில் நத்தாருக்குப் பதின்மூன்று இனிப்புகள் வைப்பார்கள். இயேசுவும் பன்னிரு சீடர்களும் என்பது கணக்கு. 24ஆம் திகதி இரவு இறைச்சி இல்லாத உணவு. திருப்பலியால் வந்த பிறகு இந்த இனிப்புகள். மேசையில் மூன்று வெள்ளை விரிப்புகள், மூன்று மெழுகுதிரிகள். வழக்கம் பழையது, எண்ணிக்கை பதின்மூன்று என்று உறுதியானது 1920களில்தான். இனிப்பு என்றதும் கேக்கும் கிறீமும் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ந்த அத்திப்பழம், முந்திரிகை வற்றல், பாதாம், வால்நட் நான்கும் கட்டாயம். பிச்சை ஏற்று வாழ்ந்த நான்கு துறவற சபைகளின் அங்கி நிறங்களை இவை குறிக்கின்றனவாம். அத்திப்பழம் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு. இவற்றோடு பேரீச்சம்பழம், தோடம்பழம் அல்லது மண்டரின், அப்பிள், பெயார்ஸ், வெள்ளையும் கறுப்புமாக இரண்டு நுகா, ஒலிவ் எண்ணெயில் செய்த ஒரு ரொட்டி. அந்த ரொட்டியைக் கத்தியால் வெட்டக்கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும். பதின்மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எல்லோரும் ருசி பார்க்க வேண்டும் என்பது ஒழுங்கு. மூன்று நாளைக்கு மேசை அப்படியே இருக்கும்.

வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அம்மம்மாவுக்குக் கொடுத்த அதே அப்பிள் அங்கே திருநாள் பண்டம். வெள்ளை விரிப்பில், எல்லோரும் கைநீட்டி எடுக்கும் பெரிய தட்டில் இருக்கிறது. நான் அதைத் தனியாக வெட்டித் தனியாகக் கொடுத்தேன்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு 7ஆம் இலக்க மெத்ரோவில் லூயி பிளாங்கில் இறங்கி, லா சப்பலுக்கு நடந்தோம். ரூ காய் மூலையில் மரக்கறிக்கடை வாசலில் நின்று முருங்கைக்காயின் விலையைப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டதை எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது. பயறு, கித்துள் கருப்பட்டி, ஏலக்காய், கறுவா, எள்ளு வாங்கினோம். பிறகு ஒரே ஒரு மெத்ரோ தரிப்புத் தள்ளியிருக்கும் பார்பெஸ் வரை போனோம். அங்கே வட ஆபிரிக்கக் கடைகளில் பேரீச்சம்பழம் பெட்டி பெட்டியாக இருக்கும். தோடம்பூ நீரும் அங்கே கிடைக்கும்.

வழியில் அம்மம்மா கேட்டார்: “கருப்பட்டி சீனி இல்லைத்தானே, அது பாதகமில்லை?” பல வீடுகளில் இந்த நம்பிக்கை இருக்கிறது. பாதகம் இருக்கிறது, அம்மம்மா. பனங்கட்டி, கித்துள், தேன் எல்லாம் உடம்புக்குள் போனால் பெரும்பாலும் சீனிதான். ருசியும் மணமும் கூட. ஆகவே குறைவாகப் போட்டாலும் தெரியவரும். அவற்றின் நன்மை அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கில் தேனும் பழச்சாறும்கூட அடங்கும்: வளர்ந்த ஒருவர் நாளுக்கு 50 கிராமுக்கு மேல் போகக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. 25 கிராம் என்றால் ஆறு தேக்கரண்டி. கடை பூஷ் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். குளுசீட் என்ற வரிக்குக் கீழே ‘தொன் சுக்ர்’ என்று ஒரு வரி இருக்கும், அதுதான் சீனி. நான் பார்த்த பெட்டிகள் பலவற்றில் 100 கிராமுக்கு 25 கிராமுக்கு மேல். ஒரு பெரிய துண்டோடு அன்றைய கணக்கு முடிந்தது.

இனி நாங்கள் செய்து பார்த்தவை.

முதலாவது பயற்றம் உருண்டை. அம்மம்மாவின் பயற்றம் பணியாரம் சீனிப்பாகு, மா, பொரித்த எண்ணெய் மூன்றும் சேர்ந்தது. பாகையும் பொரியலையும் விட்டோம். 250 கிராம் பயற்றம்பருப்பை வெறும் சட்டியில் பொன்னிறமாக, வாசம் வரும் வரை வறுத்து மாவாக்குங்கள். 80 கிராம் தேங்காய்ப்பூவை ஈரம் போக வறுங்கள். விதை நீக்கிய பேரீச்சம்பழம் 180 கிராமை நாலு மேசைக்கரண்டி சுடுநீரில் ஊறவைத்துப் பிசையுங்கள். ஏலக்காய், கால் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் சேர்த்து, உருண்டை பிடிபடும் அளவுக்கு மட்டும் தேங்காய்ப்பால் விடுங்கள். முப்பது உருண்டை வரும். பாதியை வறுத்த எள்ளிலும் மீதியைப் பிஸ்தாத் தூளிலும் உருட்டினால் தட்டில் வெள்ளையும் பச்சையுமாக அழகாக இருக்கும். பேரீச்சம்பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சீனிதான் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் ஓர் உருண்டைக்கு 4 கிராம்தான் வருகிறது. தேங்காய்ப்பூ இருப்பதால் பிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வட்டிலப்பத்தில் நான் முதலில் தோற்றேன். கருப்பட்டிக்குப் பதிலாக இனிப்பு மாத்திரைத் தூள் போட்டேன். நிறமும் இல்லை, மணமும் இல்லை, மருந்து கரைத்த மாதிரி ஒரு ருசி. அம்மம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “இதுக்கு அந்த அப்பிளே பரவாயில்லை” என்றார். இரண்டாவது முறை உண்மையான கருப்பட்டியையே போட்டோம், அளவைக் குறைத்து. ஆறு முட்டை, 400 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால், 120 கிராம் கித்துள் கருப்பட்டி. ஊரில் இதே அளவுக்கு அவர் 400 கிராம் போடுவாராம். கருப்பட்டியைக் கொஞ்சச் சுடுநீரில் கரைத்து வடித்து ஆறவிட்டு, முட்டையை நுரைக்காமல் கலந்து, ஏலக்காய், சாதிக்காய், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, பத்துச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, வாயை மூடி மெல்லிய ஆவியில் 20 முதல் 25 நிமிடம் அவியுங்கள். மேலே இரண்டு கஜு. கிண்ணத்துக்குப் பத்துக் கிராம் அளவில் சீனி. உப்பும் சாதிக்காயும் சரியாக இருந்தால் குறைத்தது தெரியாது. எனக்குத் தெரியவில்லை, தம்பிக்குத் தெரிந்தது, ஆனாலும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

பூஷ் இல்லாமல் பிரான்சில் நத்தார் இல்லை என்பது சின்னப் பிள்ளைகளின் கட்சி. அவர்களுக்காக மறோன் பூஷ் செய்தோம். குளிர்காலத்தில் மெத்ரோ வாசல்களில் தள்ளுவண்டியில் சுட்டு விற்கிறார்களே, அதே மறோன். அவித்து வெற்றிடப் பொதியில் வருவதை வாங்குங்கள். ‘கிறெம் து மறோன்’ என்ற பேணியை எடுத்துவிடாதீர்கள், அதில் ஏராளமான சீனி. 400 கிராம் மறோனை 100 மில்லிலீற்றர் பாலில் மெதுவாகச் சூடாக்கி மசியுங்கள். 70 வீதக் கறுப்புச் சொக்லேட் 150 கிராம், பட்டர் 60 கிராம், சீனி 40 கிராம் உருக்கிக் கலந்து, படலத்தாளில் கட்டைபோல உருட்டி ஓர் இரவு பிரிட்ஜில் வையுங்கள். காலையில் முள்ளுக்கரண்டியால் மரப்பட்டைக் கோடு போட்டுக் கொக்கோத் தூவினால் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். அடுப்புக்கூட வேண்டாம், சூடாக்க ஒரு சட்டி போதும். பன்னிரண்டு துண்டு, சேர்த்த சீனி துண்டுக்கு 7 கிராம். ஆனால் மறோனில் மாப்பொருள் உண்டு, ஆகவே சீனி வருத்தக்காரர்கள் அன்று சோற்றில் ஓர் அகப்பை குறைக்க வேண்டும்.

மிக இலகுவானது தோடம்பழம். ஆறு பழத்தை வெள்ளைத்தோலும் போகக் கத்தியால் சீவி வட்டமாக வெட்டி அடுக்கி, கறுவாத் தூளும் ஒரு தேக்கரண்டி தோடம்பூ நீரும் தெளித்து, மாதுளை முத்துத் தூவி இரண்டு மணித்தியாலம் குளிரவிடுங்கள். மொரோக்கோக் குடும்பங்களின் வழக்கம் இது. நம்முடைய கறுவாவுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சீனி துளியும் சேர்க்க வேண்டியதில்லை.

இவற்றின் நடுவில் புரோவான்ஸ் தட்டு: அத்தி, பாதாம், வால்நட், இலையோடு விற்கும் கோர்சிகா கிளமென்டைன்.

ரிச் கேக்கை விட்டுவிட்டேன் என்று மாமிமார் கோபிக்க வேண்டாம். ரவை, கஜு, முட்டை மஞ்சள் கரு, பூசணித் தோசி, இஞ்சித் தோசி, பிராண்டி சேர்ந்த இலங்கைக் கேக்கைக் குறைச்சீனியில் செய்யப் போனால் அது வேறொன்றாகிவிடும். அதை அப்படியே செய்யுங்கள், ஆனால் ஊரில் வெட்டியதுபோல வெட்டுங்கள். தீப்பெட்டி அளவுத் துண்டு, நிறக் கடதாசியில் சுற்றி ஆளுக்கொன்று. கைநீளத் துண்டு வெட்டும் பழக்கம் நாங்கள் இங்கே வந்து பழகியது.

ஒரு விடயம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவு நிறையச் சாப்பிடப் போகிறோம் என்று பகல் சாப்பாட்டை விடுவது, அல்லது குளுசையை, ஊசியைத் தாங்களாகவே கூட்டிக் குறைப்பது, இரண்டும் ஆபத்து. திருப்பலி முடிந்து மேசைக்கு வரும்போது ஒரு மணியாகிவிடும். இன்சுலின் போடுபவர்களும் சில வகைக் குளுசை எடுப்பவர்களும் அதற்குள் சீனி இறங்கித் தடுமாறலாம். புறப்பட முன் என்ன சாப்பிடுவது, மருந்தை எப்போது எடுப்பது என்று வைத்தியரிடம் இந்த வாரமே கேளுங்கள். கோவிலுக்குள் பக்கத்தில் இருக்கும் பெரியவர் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழம்பினால் மூன்று சீனிக் கட்டி, அதாவது 15 கிராம், உடனே கொடுங்கள். அந்த நேரம் பேரீச்சம்பழமும் பயறும் உதவாது. விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் ஒன்றும் வைக்காமல் 15ஐ அழையுங்கள். இளையோர் பாடகர் குழுவில் இருப்பவர்கள் சட்டைப் பையில் நாலு சீனிக் கட்டி வைத்திருந்தால் பாரமில்லை.

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு பரீட்சை மேசை போட்டோம். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டு. அம்மம்மா ஓர் உருண்டை, அரைக் கிண்ணம் வட்டிலப்பம், நாலு வட்டத் தோடம்பழம் எடுத்தார். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தானே மெஷினை எடுத்து விரலில் குத்தினார். 168. அம்மாவிடம் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, “உருண்டைக்கு ஏலக்காய் கூடிப்போச்சு பிள்ளை, 24ஆம் திகதி நான் பக்கத்தில நிண்டு போடுறன்” என்றார்.