வீட்டுச் செய்திப் பலகை

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் வீட்டில் செய்துவர நாம் கொடுக்கும் செயல்பாடுகள் பலவற்றுக்கு சார்ட், வண்ணத்தாள், பசை என்று கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெற்றோருக்கு அது செலவு. பெரும்பாலும் அக்காவோ அண்ணனோதான் செய்து கொடுக்கிறார்கள். குழந்தை அதைச் சுமந்து வருவதோடு சரி.

அதனால் என் வகுப்பில் செலவில்லாத ஒன்றை நடத்திவருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஒரு வீட்டுப் பொருளின் பெயரைச் சொல்வேன்: முறம், துண்டு, கரண்டி, கொட்டாங்குச்சி. "இது வேறு என்னவெல்லாம் ஆகும்? விளையாடிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்." அவ்வளவுதான். படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் சேர்ந்துகொள்ளலாம்.

இது பொழுதுபோக்கு மட்டும்தானா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில், குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார். கையில் இருப்பது குச்சி, மனத்தில் ஓடுவது குதிரை. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று நிற்கும் என்பதைக் குழந்தை இங்கேதான் பழகுகிறது. 'ம' என்ற வடிவம் ஓர் ஒலிக்காக நிற்பதும், 5 என்ற வடிவம் ஐந்து புளியங்கொட்டைகளுக்காக நிற்பதும் அதே வகைதான்.

திங்கட்கிழமை காலை குழந்தைகள் சொல்வதை, அவர்கள் சொன்னபடியே பலகையில் எழுதுகிறேன். "எங்க ஆயா மொறம் கப்பலாச்சு. பத்து புளியங்கொட்டை ஏறுச்சு. ரெண்டு தண்ணியில விழுந்துடுச்சு" என்றாள் ஒரு சிறுமி. மீதி எத்தனை என்று நான் கேட்பதற்குள் வகுப்பே "எட்டு" என்றது. 'மொறம்' என்பதை அன்று திருத்தவில்லை. தன் வாயிலிருந்து வந்த சொல் எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் குழந்தை அதைத் தானே படிக்க முயல்கிறது. 'முறம்' அடுத்த நாள் வரட்டும்.

பலகையைப் பள்ளி வாசலில், பெற்றோர் காத்து நிற்கும் இடத்தில் வைத்திருக்கிறேன். பள்ளிச் செய்தி என்றால் ஆண்டு விழாவும் பரிசளிப்பும் மட்டும்தானா? கப்பல் கவிழ்ந்ததும் செய்திதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, அடுத்த வாரத்துக்கான பொருள்களைப் பெற்றோரே சொன்னார்கள். கொத்தனாரான ஒரு தந்தை, தான் வேலைக்கு எடுத்துச் செல்லும் பாண்டுச் சட்டியைச் சொன்னார்.

அரிவாள்மனை, தீப்பெட்டி பக்கம் குழந்தைகள் போகக் கூடாது என்பதையும், கைக்குழந்தை உள்ள வீட்டில் புளியங்கொட்டை கீழே கிடக்கக் கூடாது என்பதையும் பெற்றோரிடம் முன்பே பேசிவிட வேண்டும். விளையாடியதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வதில்லை. போன் இல்லாத வீடுகள் விடுபடும். வீட்டின் உட்புறத்தை ஊருக்குக் காட்ட எல்லோருக்கும் விருப்பமிருக்காது. எதுவும் சொல்லாமல் வரும் குழந்தையைக் கேள்வி கேட்பதில்லை, அந்தப் பொருளைக் கையில் கொடுத்து வகுப்பிலேயே விளையாட விடுகிறேன். எண்ணிக்கை அதிகமுள்ள வகுப்பில் நாளுக்கு ஐந்து பேர் போதும்.

பலகையைத் துடைக்கும் முன் செய்திகளைத் தாளில் எழுதித் தைத்து, வாசிப்பு மூலையில் வைக்கிறேன். குழந்தைகள் முதலில் தேடுவது தங்கள் பெயருள்ள பக்கத்தை. பிறகு அடுத்தவர் பக்கத்தை.