மூன்றாம் நபர் யார்?

சாலை ஓரமாக ஒரு கூலித் தொழிலாளி நடந்து வருகிறார். பின்னால் வந்த கார் மோதுகிறது. கால் முறிகிறது. கார்க்காரர் இரண்டாயிரம் ரூபாயை நீட்டுகிறார். "போலீஸ் எல்லாம் வேண்டாம்" என்கிறார். மாவுக்கட்டுக்கே அது போதாது!

எந்தக் காருக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இது மூன்றாம் நபர் காப்பீடு. வண்டிக்காரர் முதல் நபர். இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாம் நபர். அடிபட்டவர் மூன்றாம் நபர். பெயர்தான் மூன்றாவது. பணம் அவருக்குத்தான்.

எவ்வளவு கிடைக்கும்? மருத்துவச் செலவு, இழந்த கூலி, ஊனம் எல்லாவற்றையும் கணக்குப் பார்ப்பார்கள். காயத்துக்கு உச்சவரம்பு கிடையாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும். அடிபட்டவர் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டுத் திருத்தம்.

வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போலீசில் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக் கடைச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

கார் நிற்காமல் போய்விட்டதா? எண்ணும் தெரியவில்லையா? அதற்கும் வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம் ரூபாய் என்று விதி உள்ளது. தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.