கரித்துணுக்கின் உள்ளே

குடிநீரைச் சுத்தி செய்யும் சாதனங்களில் தேங்காய்ச் சிரட்டைக் கரி இடப்படுவதைப் பலரும் அறிவார்கள்; ஆயினும், சிரட்டையைக் கரியாக்கிப் பின்னர் கடுஞ்சூடான நீராவியில் பதப்படுத்துவதால் ஒவ்வொரு துணுக்கிலும் சூட்சுமமான துவாரங்கள் எண்ணிறந்தன உண்டாகின்றன என்பதும், ஒரு கிராம் கரியில் அத்துவாரச் சுவர்களின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரை விரியும் என்பதும் நினைக்குந்தோறும் வியப்பளிப்பவை. நீரில் கரைந்துள்ள பூச்சிமருந்தும் சாயமும் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்தச் சுவர்களில்தான்.

துணுக்குகளுக்கு இடையே நீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் துவாரங்களுக்குள் அது ஓட்டமின்றி நிற்பதால், கரைந்த பொருள் தன் மூலக்கூறுகளின் இயல்பான அலைவினாலேயே உட்புகவேண்டியிருக்கிறது. இந்த விரவலுக்கு 1855-ஆம் ஆண்டில் விதி வகுத்தவர் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர். வெப்பம் பரவுவதற்குக் கணித அறிஞர் ஃபூரியே எழுதியிருந்த சமன்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, உப்புநீரில் சோதனை செய்து, பொருள் செல்லும் வேகம் செறிவின் சரிவுக்கு ஏற்றபடி அமையும் என்று அவர் காட்டினார்.

துணுக்கினுள் இவ்விதியைப் பிரயோகிப்பவர்கள் அதை ஓர் உருண்டையாகப் பாவித்து, வெங்காயத்தைப் போல அடுக்கடுக்கான தோல்களாகப் பிரித்து, ஒவ்வொரு தோலிலும் வந்தது எவ்வளவு, உள்ளே சென்றது எவ்வளவு, சுவரில் ஒட்டியது எவ்வளவு என்று கணப்பொழுதுக்குக் கணப்பொழுது கணக்கிடுகிறார்கள். துவாரங்கள் வளைந்தும் நெளிந்தும் முட்டுச்சந்தாக முடிந்தும் கிடப்பதால் விரவலின் வேகத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்; சுவர்கள் பொருளைப் பற்றி நிறுத்துவதால் இன்னும் மிகுதியாகக் குறைக்க வேண்டும்.

இக்கணக்கின் விளைவுகளில் தலையாயது, காலம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே. வெறும் நீரில் சிறு மூலக்கூறு ஒன்று ஒரு மில்லிமீட்டர் விரவக் கால்மணி நேரம் என்ற அளவில் ஆகுமென்றால், அரை மில்லிமீட்டருக்கு நான்கு நிமிஷம் போதும். கரியின் உள்ளேயோ அது நாட்கணக்காக நீளக்கூடும். அப்படியானால் கரியை மாவாக அரைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால், மாவு நெருங்கிப் படிந்து நீரின் ஓட்டத்தையே தடுத்துவிடும்.

ஆகவே, நீரை வேகமாகச் செலுத்தினால், துணுக்குகளின் வெளித்தோல்கள் நிரம்பி, உட்கரு வெறுமையாக இருக்கும்போதே மாசு மறுபுறம் வெளிப்படத் தொடங்கும். வீட்டில் கரி வடிகட்டி வைத்திருப்போர், செய்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேல் குழாயைத் திறக்காமலும், குறித்த காலத்தில் கரியை மாற்றத் தவறாமலும் இருக்கவேண்டுகிறேன்.