கட்டிலோடு, பீரோவோடு, மேகத்தோடு... விற்பனைக்கு!

நாளைக் காலை பார்ட்டி வருகிறது. அதற்குள் வீடு ரெடியாக வேண்டும். சிறுமலையில் சாமான் செட்டோடு விலைக்கு வந்திருக்கும் அந்த வீட்டில், கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண் அறையில் நடக்கும் அமளி! நம்மை உள்ளே விட்டதற்கு ஒரே நிபந்தனை, எந்த வீடு, யார் வீடு என்று மூச்சு விடக் கூடாது. விட மாட்டோம். மற்றதையெல்லாம் சொல்லிவிடுவோம்!

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் சாலையைப் பிடித்துப் பிரிந்தால் சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டியதும் டிரைவர் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குகிறார். கீழே மண்டையைப் பிளந்த வெயில் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வாசலில் நம்மூர் மாங்காய்ப் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு வம்சம். புரோக்கர் அண்ணன் சாவித் துவாரத்தில் சொட்டுச் சொட்டாகத் தேங்காய் எண்ணெய் விட்டு, திருகித் திருகிப் பார்க்கிறார். “ஒரே சுத்துல ‘டக்’னு விழணும். திணறுச்சுன்னா வீடு பூட்டியே கெடந்துச்சுன்னு பார்ட்டி கண்டுபிடிச்சிருவாங்க.” அடேயப்பா, இது நமக்குத் தோன்றியிருக்குமா!

உள்ளே நுழைந்தால் பூஞ்சை வாடை. மலைவீட்டுக்கு மேகம் இலவசம், கூடவே ஈரமும் இலவசம். மெத்தைகள் முற்றத்து வெயிலில் மல்லாந்து கிடக்கின்றன. பீரோவுக்குள் வேப்பிலை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, பார்ட்டியின் கார் கடைசி வளைவில் ஹாரன் அடிக்கும் நேரம் பார்த்து, மலையில் விளைந்த காப்பிக்கொட்டையை வறுக்கப் போகிறாராம். “அந்த வாசனைக்கு முன்னாடி எந்த வாடையும் நிக்காது தம்பி.” அடுக்களை உத்தரத்தில் தொங்கும் சிறுமலை வாழைத்தாரில் கை வைத்தேன். “தொடாதீங்க, அது நாளைக்கு!” முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்து, பிழைத்து வந்த பழம் அது. தோல் தடிப்பு, உள்ளே தேன். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சியோடு போட்டி போடும் ரகம். அதைக் காட்சிப் பொருளாக மாட்டி வைப்பது அநியாயம்தான்.

சரி, ஏன் சாமான் செட்டோடு விற்கிறார்கள்? தாராள மனசா? அண்ணன் குரலைத் தாழ்த்துகிறார். “தேக்குக் கட்டில், ஈஸி சேர், இந்த ஆளுயரப் பீரோ எல்லாத்தையும் கீழ இறக்குற லாரி வாடகைக்குக் கீழயே புதுசு வாங்கிரலாம். பீரோவ ரூமுக்குள்ள வச்சுத்தான் செஞ்சாங்க. வாசல்ல வெளிய வராதுங்க.” விளம்பரத்தில் மட்டும் ‘பாரம்பரிய மரச்சாமான்களுடன்’ என்று போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு ரகசியம். மேலே இருக்கும் வீட்டை விற்றுக் கொடுப்பது கீழே இருக்கும் சமவெளி. அண்ணனின் திட்டப்படி பார்ட்டி நேராக மலை ஏறாது. முதலில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில். அந்த மண்டபத்துச் சிற்பங்களின் முன்னால் நின்றவர்கள் அப்புறம் பேரம் பேசுவதில்லையாம்! நம்ப முடிகிறது. விரல் நகம் வரைக்கும் செதுக்கிய கல்லைப் பார்த்த கண்ணுக்குச் சுவர் விரிசல் எல்லாம் தெரியுமா? பிறகு சின்னாளப்பட்டியில் சுங்குடி. பக்கத்திலேயே, சௌந்தரம் அம்மாவும் ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம். நேரமிருந்தால் 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கி, பிறகு ஹைதர் அலி கைக்கும் போன மலைக்கோட்டை. ஆனால் அதில் ஏறினால் பார்ட்டிக்குக் கால் வலிக்கும், கால் வலித்தால் விலை இறங்கும் என்பது அண்ணன் கணக்கு. அதனால் கோட்டை காரிலிருந்தே!

மேஜையில் ஒரு ஃபைல். இங்கே மட்டும் கும்மாளத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் இருக்கின்றனவா, பட்டா நிபந்தனைப் பட்டாவா, காப்புக்காட்டு எல்லை எவ்வளவு தூரம் என்று வக்கீலை வைத்துப் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக மொத்தம் 9 சதவீதம் வீட்டுக்கும் மனைக்கும்தான். கட்டிலும் பீரோவும் அசையும் பொருள், தனி ரசீது. கட்டிலுக்குக் கண்டபடி விலை போட்டு வீட்டு விலையைக் குறைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

திடீரென்று அண்ணன் திண்ணையின் கிழக்கு மூலைக்கு ஓடுகிறார். வீடு முழுக்க அங்கேதான் செல்போன் சிக்னல். பார்ட்டிதான். வளைவு 18 என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். வீட்டம்மாவுக்குத் தலை சுற்றுமாம். சமவெளியிலேயே ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

“இருக்குங்க சார்,” என்கிறார் அண்ணன், கண் இமைக்காமல். “சாமான் செட்டோடவே இருக்கு.”